உளப்பகுப்பாய்வில் முனைவர் பட்ட ஆய்வு: விண்ணப்பிக்கும் முன் சில கேள்விகள்

உம்பிலோ வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் டர்பனில் வசிக்கிறேன். உளவியலில் ஹானர்ஸ் முடித்து, ஆய்வேடு மட்டும் எழுதிப் பெறும் முதுநிலைப் பட்டமும் பெற்றபின், ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வந்ததே முப்பது வயதுக்கு மேல்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ உளவியல் முதுநிலைப் படிப்புக்கு இருமுறை விண்ணப்பித்து, இருமுறையும் நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பினேன். விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது இந்த நாட்டில் உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். இந்நிலையில்தான், இங்கிலாந்தில் உளப்பகுப்பாய்வையே (மனத்தின் அறியாப் பகுதியைப் பேச்சின் வழி ஆராயும் ஃப்ராய்டின் முறை) ஒரு துறையாகக் கொண்டு முனைவர் பட்டம் தருகிறார்கள் என்று அறிந்தேன். அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தால் சிகிச்சை அளிக்க முடியுமா? விண்ணப்பிக்க நானே ஒரு பகுப்பாய்வாளரிடம் நோயாளிபோல் அமர்ந்து பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்க வேண்டுமா? ஆய்வு முன்மொழிவை எப்படி எழுதுவது? நான் எழுதி வைத்திருக்கும் தலைப்பு இது: 'தைப்பூசக் காவடியில் சாமியாடுதல்: ஹிஸ்டீரியாவின் பண்பாட்டு வடிவம்.' உங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஜோபர்க் உளவியலர்:

ஒளிக்காமல் சொல்லச் சொன்னதால் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: முடியாது. தென்னாப்பிரிக்காவில் 'உளவியலர்' என்ற பெயரில் தொழில் செய்ய 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி அமைந்த மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட வகுப்புவழி முதுநிலைப் பட்டம், பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி, மன்றத்தின் தேர்வு ஆகியவை வேண்டும். மருத்துவ உளவியலர் என்றால் அதற்குமேல் ஓராண்டுச் சமூகப் பணியும் உண்டு. ஆய்வின் மூலம் பெறும் முனைவர் பட்டம், அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும், இவற்றில் எதையும் ஈடுசெய்யாது.

இங்கிலாந்திலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. அங்கே 'மருத்துவ உளவியலர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'உளப்பகுப்பாய்வாளர்' என்ற பெயருக்கு இல்லை. அதனால் யாரும் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பகுப்பாய்வுச் சங்கங்களின் பயிற்சியில் மூன்று கால்கள் உண்டு: பயிற்சி பெறுபவர் தாமே வாரத்துக்குப் பலமுறை, பல ஆண்டுகள் பகுப்பாய்வுக்கு உட்படுவது, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்ப்பது, கோட்பாட்டு வகுப்புகள். பல்கலைக்கழகம் தருவது மூன்றாவது காலின் ஒரு பகுதியை மட்டுமே.

இது இன்று நேற்று வந்த பிரிவினையும் அன்று. 1919இல் புடாபெஸ்டில் ஹங்கேரிய மொழியில் வெளியான ஒரு சிறு கட்டுரையில், பகுப்பாய்வாளர் பல்கலைக்கழகம் இல்லாமலேயே தம் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியும், பல்கலைக்கழகத்துக்குத்தான் இதைக் கற்பிப்பதால் ஆதாயம் என்ற பொருளில் ஃப்ராய்ட் எழுதினார். உங்கள் விருப்பம் நோயாளிக்கு எதிரே அமர்வது என்றால், மனம் தளராமல் மூன்றாம் முறையும் இங்கேயே விண்ணப்பியுங்கள். வாசலில் விடவில்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, 'இது நான் தேடி வந்த வீடு இல்லையே' என்று நான்கு ஆண்டுகள் கழித்து வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போர்ட்லூயி மாணவன்:

அக்கா, ஜோபர்க் அண்ணன் சொன்னது உண்மைதான் என்றாலும், பக்கத்து வீடு நல்ல வீடுதான் என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு. அந்த வீட்டில் நான் ஐந்து ஆண்டுகள் குடியிருந்தவன். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உளச்சமூக (மனத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்க்கும்), உளப்பகுப்பாய்வு ஆய்வுகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் உளப்பகுப்பாய்வுப் பிரிவு உண்டு. பர்க்பெக்கில் உளச்சமூக ஆய்வுகள் என்ற பெயரில் இதே மரபு வேறு முகத்தோடு இருக்கிறது. இலக்கியம், மானிடவியல், வரலாறு, சட்டம் படித்தவர்களும் இந்தத் துறைகளுக்கு வருகிறார்கள். பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆய்வுப் பட்டத்துக்குப் பொதுவாக இல்லை.

படிவத்தை நிரப்புவது கடைசி வேலை. முதல் வேலை நெறியாளரைத் தேடுவது. துறையின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்து, அவர்களில் இருவர் மூவருடைய கட்டுரைகளை உண்மையாகவே படித்து, உங்கள் கேள்வி யாருடைய வேலையோடு உரசுகிறதோ அவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் மின்னஞ்சல் எழுதுங்கள். உரசுகிறது என்றுதான் சொல்கிறேன், ஒத்துப்போகிறது என்று சொல்லவில்லை. 'தங்கள் மேலான ஆய்வுகளைக் கண்டு வியந்தேன்' என்று தொடங்கும் கடிதம் அவர்களுக்கு வாரத்துக்குப் பத்து வரும். அவர் ஆர்வம் காட்டிய பிறகுதான் முன்மொழிவு, பட்டச் சான்றுகள், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் உயிர்பெறும். அங்கே கல்வியாண்டு பெரும்பாலும் அக்டோபரில் தொடங்குகிறது. உதவித்தொகைக்கான கெடு சேர்க்கைக் கெடுவுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதை மறந்து ஓர் ஆண்டை இழந்தவன் நான்.

சேரும்போது பெரும்பாலும் எம்ஃபில் மாணவராகத்தான் பதிவு செய்வார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து ஓர் அத்தியாயத்தையும் திட்டத்தையும் ஒரு குழு படித்துப் பார்த்து, முனைவர் பட்டத்துக்கு உயர்த்தலாமா என்று முடிவு செய்யும். முழுநேரமாக மூன்று, நான்கு ஆண்டுகள். பகுதிநேரம் என்றால் ஏறத்தாழ இருமடங்கு. எசெக்ஸில் ஆய்வேட்டின் உச்ச அளவு 80,000 சொற்கள். முடிவில் உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர் என இரண்டு தேர்வாளர்களோடு மூடிய அறையில் வாய்மொழித் தேர்வு. நம் ஊரில் நினைப்பதுபோல் மண்டபம் நிறைந்த கூட்டம் இராது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் உள்நாட்டவர் கட்டணத்தைப்போல் பல மடங்கு என்பதால், பணத்துக்கு வழி தெரியாமல் சேர்க்கைக் கடிதத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். பிரிட்டிஷ் விசா விதிகளில் ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசப்படும் நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவும் மொரீஷியஸும் அதில் இல்லை. வீட்டில் இருந்த தமிழை ஆங்கிலத்துக்கும் கிரியோலுக்கும் பலி கொடுத்துவிட்டு நிற்கும் நாம், ஆங்கிலம் தெரியும் என்பதற்குத் தனியே சான்று காட்ட வேண்டும். ஆங்கிலவழியில் பெற்ற பட்டத்தையே சான்றாக ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

நான் உளவியல் படித்தவன் அல்லேன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஐம்பது ஆண்டுகளாகக் காவடி பார்த்து வருபவன் என்ற தகுதியில் மட்டும் ஒரு சொல் சொல்கிறேன், அம்மா. உங்கள் தலைப்பைப் படித்ததும் எனக்கு நெஞ்சு சுருங்கிற்று. நூறு ஆண்டுகளுக்கு முன் கரும்புத் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளன் நம்மவர் அலகு குத்துவதைப் பார்த்து என்ன எழுதியிருப்பானோ, அதையே இன்று ஒரு தமிழ்ப் பெண் பட்டம் வாங்குவதற்காக எழுத வேண்டுமா? சாமி வந்து ஆடுபவருக்கு ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஆராய்வதற்கு என்ன மிஞ்சுகிறது? மாட்டுக்குச் சூடு போட்டு அனுப்புவது போன்ற வேலை இது.

சொற்களைப் பற்றியும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மனத்தின் பகுதிகளுக்கு 'ஈகோ', 'இட்' என்று நீங்கள் எல்லோரும் எழுதும் சொற்கள் ஃப்ராய்டின் சொற்களே அல்ல என்று படித்தேன். அவர் ஜெர்மனில் எழுதியது 'நான்', 'அது' என்று குழந்தைக்கும் தெரிந்த சொற்களாமே? இலத்தீன் சட்டை போட்டுவிட்டது ஆங்கில மொழிபெயர்ப்பாளராமே?

போர்ட்லூயி மாணவன்:

உண்மை ஐயா. ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியின் பொறுப்பில் 1953 முதல் 1974 வரை 24 தொகுதிகளாக வந்த ஆங்கிலப் பதிப்பில்தான் அந்தச் சட்டை நிலைபெற்றது. அதன் திருத்திய பதிப்பு 2024இல் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் மார்க் சோல்ம்ஸ், கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர். உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் ஃப்ராய்டைப் படிப்பவர்கள் இனி ஒரு தென்னாப்பிரிக்கரின் கையைக் கடந்துதான் போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

தமிழில் 'நான்', 'அது' என்றே எழுதிப் பாருங்கள், வாக்கியம் வேறு மாதிரி மூச்சு விடும். 'அது என்னைப் பிடித்துக்கொண்டது' என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் கோட்பாட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஆங்கிலத்தில் தெரிவதைவிடக் குறைவு. குறைவாகத் தெரிவதாலேயே ஏமாந்துவிடவும் கூடாது என்பது வேறு கதை.

உம்பிலோ வாசகி:

வாத்தியார் ஐயாவின் பதிலைப் படித்து இரண்டு நாட்கள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தலைப்பு தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் எழுதியதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் ஆயா மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அவருடைய அப்பா டர்பன் மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலையில் இருந்தார். 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து எல்லோரையும் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது ஆயாவும் பிள்ளைகளோடு அங்கே போனார். அங்கே போனபின் அவர் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார். யாரும் தடுக்கவில்லை, அவராகவே நிறுத்தினார். என் அம்மா தமிழில் ஏதாவது கேட்டால்கூட ஆங்கிலத்தில்தான் பதில் வரும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், அவர்மேல் சாமி வரும்போது மட்டும் தமிழில் பேசுவார். கடகடவென்று, நிறுத்தாமல் பேசுவார். சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேருக்கு அது புரியாது. சாமி இறங்கியபின் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, 'வாட் டைம் இஸ் இட்?' என்று கேட்பார். நான் ஹிஸ்டீரியா என்று எழுதியது அவரைப் பற்றித்தான். வேறு சொல் எனக்குக் கற்பிக்கப்படவில்லை.

போர்ட்லூயி மாணவன்:

அக்கா, உங்கள் முன்மொழிவு இதுதான். காவடியை விட்டுவிடுங்கள்.

உளப்பகுப்பாய்வின் முதல் கதையே ஒரு மொழி தொலைந்த கதை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 1880இல் வியன்னாவில் தந்தையின் நோய்ப் படுக்கையருகே இருந்து நோயுற்ற இளம்பெண்ணை மருத்துவர் ப்ராயர் கவனித்தார்; 1895இல் ஃப்ராய்டோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் அவளுக்கு அன்னா ஓ. என்று பெயரிட்டார். நோயின்போது அவள் தன் தாய்மொழியான ஜெர்மனை இழந்து, நீண்ட காலம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினாள். இந்தச் சிகிச்சைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்ற பெயரை அவள் சூட்டியதும் ஆங்கிலத்தில்தான். ஆகவே தேர்வாளர் எவரும் உங்கள் ஆயாவின் கதையைக் கேட்டவுடன் அன்னாவை நினைப்பார். நீங்கள் எழுத வேண்டியது ஒற்றுமையை அன்று. ஒற்றுமையைக் காட்டினால் மறுபடியும் சூடு போட்ட மாடுதான்.

வேறுபாட்டை எழுதுங்கள். அன்னா நோயில் தாய்மொழியை இழந்தாள். உங்கள் ஆயா அன்றாட வாழ்வில் அதை வைத்து மூடிவிட்டு, சாமி வரும்போது திறந்தார். அன்னாவுக்கு எதிரே ஒரு மருத்துவர் உட்கார்ந்திருந்தார்; ஆயாவுக்கு எதிரே ஓர் ஊரே வேப்பிலையோடு நின்றது, ஆனால் பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரியாதவர்கள் முன்னால் பேசப்படும் பேச்சு யாருக்காகப் பேசப்படுகிறது? கேட்பவர் ஒருவர் இருந்தால்தான் பேச்சு வேலை செய்யும் என்று சொல்லும் கோட்பாட்டை இந்தக் கேள்வி அசைத்துப் பார்க்கிறது. கோட்பாட்டை எடுத்து நம் ஊரின்மேல் ஒட்டுபவரை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரை வைத்துக் கோட்பாட்டைத் திணற வைப்பவரை உட்காரச் சொல்வார்கள். நான் நேர்காணலில் கற்றுக்கொண்டது இதுதான்.

முறையியலும் எழுத வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் இதுபோன்ற பாட்டிமாரோடு வளர்ந்தவர்களை நேர்காணல் செய்வதாக இருந்தால், ஹாலவே, ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000ஆம் ஆண்டில் விளக்கிய தொடர்நினைவு நேர்காணல் (மனத்தில் தோன்றுவதைத் தோன்றியபடியே சொல்ல விடும் நேர்காணல்) முறையைப் படியுங்கள். திறந்த கேள்வி கேட்பது, கதையாகச் சொல்ல வைப்பது, 'ஏன்' என்று கேட்காமலிருப்பது, சொல்பவரின் சொல்லையும் வரிசையையுமே பின்தொடர்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 'ஏன்' என்று கேட்காமலிருப்பது நம்மவருக்கு எவ்வளவு கடினம் என்பது முதல் நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

சேன்-தெனி வாசகன்:

ரீயூனியனிலிருந்து ஒரு குறிப்பு மட்டும். பிரெஞ்சு தெரிந்தால் பாரிஸையும் பாருங்கள்; பாரிஸ் எட்டாம் பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வுக்கென்றே துறை உண்டு, பதிவுக் கட்டணமும் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எங்கள் தீவில் வளர்ந்த ஃபிரான்சுவாஸ் வெர்ஜேஸ், ஃப்ராய்டின் 'குடும்பக் கற்பனை' என்ற கருத்தை எடுத்துக் காலனி வரலாற்றையே வாசித்தவர். பிரான்ஸ் தாயாகவும் தீவு பிள்ளையாகவும் ஆக்கப்பட்ட கதையை அதன்வழி காட்டினார். உங்கள் வேலைக்கு உறவானது.

ஆய்வேடு நிராகரிக்கப்படுமோ என்ற அச்சம் வந்தால், காலனியத்தை எதிர்த்து எழுதிய உளமருத்துவர் ஃபனானை நினைத்துக்கொள்ளுங்கள். லியோனில் மருத்துவப் பட்டத்துக்கு அவர் கொடுக்க விரும்பிய ஆய்வேட்டை ஏற்கவில்லை. நரம்பு நோய் ஒன்றைப் பற்றி வேறோர் ஆய்வேட்டை எழுதி 1951இல் பட்டம் வாங்கினார். தள்ளப்பட்டது மறு ஆண்டே புத்தகமாக வந்து, இன்றும் வாசிக்கப்படுகிறது. ஏற்கப்பட்ட ஆய்வேட்டைத் தேடிப் படிப்பவர் சிலரே.

ஜோபர்க் உளவியலர்:

எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது குறுக்கே பேசுவது என் தலையெழுத்து. நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதை வாசகி படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லிதுவேனியாவில் பிறந்து 1922இல் இங்கே வந்த மருத்துவர் வுல்ஃப் சாக்ஸ், பெர்லினில் ஃப்ராய்டின் மாணவர் தியோடர் ரைக்கிடம் பகுப்பாய்வுக்கு உட்பட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க் திரும்பினார். ரொடீஷியாவிலிருந்து (இன்றைய ஜிம்பாப்வே) வந்து நகரச் சேரியில் வாழ்ந்த ஒரு நாட்டு மருத்துவரைப் பற்றி 1937இல் புத்தகம் எழுதினார். கறுப்பரின் மனம் வேறு, வெள்ளையரின் மனம் வேறு என்பதை அந்தக் காலத்தில் அவர் மறுத்தது பெரிய காரியம். ஆனாலும் அந்த மனிதர் நோயாளியாக அவரிடம் வரவில்லை. சாக்ஸ்தான் அவரைத் தேடிப் போனார். கேட்க வேண்டும் என்ற ஆசை யாருடையது என்ற கேள்வி அந்தப் புத்தகத்தைப் படிக்கும் எவரையும் விடாது.

அம்மா, உங்கள் ஆயா இறந்துவிட்டார் என்று ஊகிக்கிறேன். நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவரின் தகவலைத்தான் காக்கிறது. ஆகவே ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுவின் படிவத்தில் ஆயாவுக்கென்று ஒரு கட்டம் இராது. அதனால் சுமை குறையவில்லை, முழுவதும் உங்கள் தலைமேல் வந்துவிட்டது.

போர்ட்லூயித் தம்பி பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்கத் தேவையில்லை என்றார். விதிப்படி சரி. ஆனால் சொந்தப் பாட்டியைப் பற்றி நான்கு ஆண்டுகள் எழுதப் போகிறவர், வாரம் ஒருமுறையாவது யாரிடமாவது உட்கார்ந்து பேசாமல் அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

போர்ட்லூயி மாணவன்:

அதில் எனக்கும் மறுப்பில்லை, அண்ணா. நான் பேசாமல் எழுதினேன். மூன்றாம் ஆண்டில் எட்டு மாதங்கள் ஒரு வரிகூட எழுத முடியாமல் கிடந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று இன்னும் யோசிக்கிறேன்.

உம்பிலோ வாசகி:

ஆயா 2009இல் இறந்தார். முன்மொழிவின் முதல் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன். தமிழில் இப்படி வரும்: 'மொழியைக் கைவிட்ட ஒரு பெண், ஆண்டில் ஒரு நாள் மட்டும் அதற்குள் திரும்பிப் போகிறாள், அவள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆனால் அறியமாட்டார்கள். புரியாமல் கேட்கப்பட்ட அந்தப் பேச்சு, கேட்டு வளர்ந்தவர்களிடம் என்னவாக எஞ்சியிருக்கிறது என்பதை இவ்வாய்வு விசாரிக்கிறது.' ஹிஸ்டீரியா என்ற சொல் ஓர் இடத்தில் மட்டும், அன்னா ஓ.வைப் பற்றிப் பேசும்போது வருகிறது. அடுத்த வாரம் இரண்டு ஆசிரியர்களுக்கு எழுதப் போகிறேன். இங்கே குவாசூலு-நட்டாலிலும் விட்ஸிலும் இதுவரை வந்த ஆய்வேடுகளை அந்தப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியத்தில் தேடத் தொடங்கிவிட்டேன். மருத்துவ உளவியல் படிப்புக்கு இந்த ஆண்டு விண்ணப்பிக்கப் போவதில்லை.

இன்னொரு செய்தி. 1980களில் என் மாமா ஒரு கூழ் ஊற்றும் நாளன்று ஆயா பேசியதைக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார். அம்மாவின் அலமாரியில் அது இருந்தது. எனக்குச் சில சொற்கள்தான் பிடிபடுகின்றன. வாத்தியார் ஐயா கேட்டுச் சொல்வாரா?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

கேட்க எனக்கு ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பேரக்ஸ் தமிழைக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அதை முதலில் கேட்க வேண்டியவர் உங்கள் அம்மா. அவர் சின்ன வயதில் கேட்ட தமிழ் அவருக்குள் எங்கோ கிடக்கும். அவர் சரி என்று சொன்ன பிறகு, நான் பஸ் ஏறி டர்பனுக்கே வருகிறேன்.

உம்பிலோ வாசகி:

நேற்று மாலை அம்மாவிடம் சொன்னேன். கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'நீ போய் சோற்றைப் பார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பழைய டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுப்படியிலிருந்து எனக்கு ஆயாவின் குரல் மட்டும் மங்கலாகக் கேட்டது. டேப் ஒருமுறை முடிந்தது. சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுற்றி முதலுக்கு வரும் சத்தம் கேட்டது, மறுபடியும் ஓடத் தொடங்கியது.